ஆணையின் பொருள் யாது?

மதுரை மாநகரிலே ஒருநாள் மன்னன் ஒருவன் ஆராயாது ஒரு கட்டளை இட்டான். அரசியின் ஊடலைத் தீர்க்க விரைந்துகொண்டிருந்த பாண்டியன், பொற்கொல்லன் சொன்ன சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் காவலரை அழைத்தான். களவு போன சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு பணித்தான். சான்று கேட்கவில்லை. குற்றஞ் சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு வார்த்தை வினவவில்லை. சென்ற காவலர் கோவலனைக் கண்டதும் தயங்கினர்; இவன் தோற்றம் கள்வன் தோற்றம் அன்று என்றனர். பொற்கொல்லனோ களவு நூலின் நுட்பங்களை அவர்களுக்கு எடுத்து ஓதினான். மற்றவர் ஐயுற்று நிற்க, கல்லாத ஒருவன் வாளை வீசினான். கட்டளை நிறைவேறியது.

தீர்ப்புப் பின்னரே வந்தது. சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு மன்னன் அரியணையிலேயே உயிர் துறந்தான். நீதி வென்றது, ஆயினும் கோவலன் மீளவில்லை.

சிலப்பதிகாரத்தை நாம் இங்கு எடுத்துக் காட்டுவது இலக்கியச் சுவைக்காக அன்று. கட்டளைக்கும் தீர்ப்புக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக விளக்கும் சான்று பிறிதொன்று இல்லை. கட்டளை குதிரையேறி வருகிறது. தீர்ப்பு கால்நடையாக வருகிறது. கட்டளை வந்த அன்றே தன் வேலையை முடித்துவிடுகிறது. தீர்ப்போ, வேலை முடிந்தபின் வந்து நியாயம் பேசுகிறது. இந்த உண்மையை உணராத மக்கள் வழக்கில் வென்றும் வாழ்வில் தோற்பர். இந்நாட்டுத் தமிழ் பேசும் மக்களின் எழுபது ஆண்டு அனுபவம் இதற்குச் சான்று பகர்கின்றது.

இரு குறைகள்

எம்மக்களிடத்தே இரண்டு குறைகளைக் காண்கின்றோம். அரசாங்க இலச்சினை பொறித்த தாள் ஒன்று படலையில் ஒட்டப்பட்டதும் அதனை விதி என்று எண்ணி அஞ்சுதல் ஒன்று. நீதிமன்றம் நமக்குச் சாதகமாக ஏதோ சொல்லிற்று என்ற செய்தி கேட்டதும், சொல்லியது யாது என்று பாராமலே பட்டாசு கொளுத்துதல் மற்றொன்று. கமக்காரரிடம் முன்னைய குறை மிகுதி. படித்தவரிடம் பின்னைய குறை மிகுதி. இரண்டிற்கும் வேர் ஒன்றே. ஆணையின் பொருளை நாம் வாசிப்பதில்லை. ஆணையின் ஓசையை மட்டும் கேட்கின்றோம்.

ஆணை என்பது தனித்து நிற்கும் பொருள் அன்று. அது ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. மக்களின் இறைமையிலிருந்து அரசியலமைப்புப் பிறக்கின்றது. அரசியலமைப்பின் கீழ்ப் பாராளுமன்றம் சட்டம் இயற்றுகின்றது. சட்டம் தந்த அதிகாரத்தால் அமைச்சர் ஒழுங்குவிதி ஆக்குகின்றார். ஒழுங்குவிதியைக் காட்டித் திணைக்களத் தலைவர் சுற்றுநிருபம் அனுப்புகின்றார். சுற்றுநிருபத்தைக் காட்டிப் பிரதேச செயலகத்து அலுவலர் நமக்குக் கடிதம் எழுதுகின்றார். நம் கையில் இருப்பது அந்தக் கடிதம் மட்டுமே. மேலே உள்ள கண்ணிகளுள் ஒன்று அறுந்திருந்தாலும் கடிதம் வெறுங் காகிதம் ஆகிவிடும். ஆயினும், அறுந்திருக்கின்றது என்று ஒருவர் எழுந்து சொல்லி, அதனை நீதிமன்றம் ஏற்கும்வரை, அந்தக் காகிதம் சட்டத்தின் வேடம் பூண்டு ஊரெங்கும் உலா வரும். எவரும் வினவாவிடில் வேடமே மெய்யாகிவிடும்.

ஒரு சம்பள ஏற்றத்தின் கதை

இதனை விளக்கக் கோடீஸ்வரன் வழக்கினும் சிறந்த பாடம் இல்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழி ஆக்கியது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொருட்டு, 1961ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் திறைசேரி 560ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை வெளியிட்டது. சிங்களத்திற் குறித்த தேர்ச்சி பெறாத அரசாங்க ஊழியரின் ஆண்டுச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். பொது எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த செ. கோடீஸ்வரன் அவர்களுக்கு 1962ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் கிடைக்கவேண்டிய ஏற்றம் அவ்வாறு மறுக்கப்பட்டது.

தொகை சிறிது, வினாவோ பெரிது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திற் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். அன்று நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தவர்க்கோ மதத்தவர்க்கோ மற்றையோர்க்கு இல்லாத இடர்ப்பாட்டை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றும், இயற்றின் அது செல்லாது என்றும் கூறிற்று. அந்தப் பிரிவை ஆதாரமாகக் கொண்டு, அரசகரும மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 1964ஆம் ஆண்டில் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெட்சர் தீர்ப்பளித்தார். ஒரு மாவட்ட நீதிபதியின் பேனா, பாராளுமன்றப் பெரும்பான்மை எழுதியதை அடித்துவிட்டது!

தமிழ் மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் நடந்தது யாது? சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்தார். 1967ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் மொழி வினாவைத் தொடவேயில்லை. அரசாங்க ஊழியர் ஒருவர் தம் சம்பளத்தைக் கோரி முடியின் மீது வழக்குத் தொடுக்க உரித்துடையவர் அல்லர். வழக்கே நில்லாதபோது சட்டம் செல்லுமா செல்லாதா என்று ஆராயவேண்டியதில்லை என்று சொல்லி, மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை நீக்கியது. கோடீஸ்வரன் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்குச் சென்றார். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பிரிவி கவுன்சில், ஊழியர் சம்பளத்திற்காக வழக்குத் தொடுக்கலாம் என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவை விடுப்பதற்காக வழக்கை மீண்டும் உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பியது.

அந்த வினாவுக்கு விடை கிடைக்கவே இல்லை. 1971ஆம் ஆண்டிற் பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் வழி அடைக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு அதனுடன் மறைந்தது. சிங்கள மொழியின் தனியிடமோ அரசியலமைப்புக்குள்ளேயே ஏறி அமர்ந்தது. வினா விடுபடவில்லை, வினாவே இல்லாதொழிக்கப்பட்டது.

பிரிவி கவுன்சில் தனிச் சிங்களச் சட்டத்தைச் செல்லாததாக்கியது என்று நம்மவருட் சிலர் இன்றும் மேடைகளிற் கூறக் கேட்கின்றோம். அது பிழை. மொழிச் சட்டத்தைச் செல்லாது என்றது மாவட்ட நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. பிரிவி கவுன்சில் தீர்த்தது சம்பள உரித்தை மட்டுமே. தீர்ப்பின் பொருளை நமக்கு உவப்பான திசையில் நீட்டிப் படிப்பதால் உரிமை நீளுவதில்லை.

இன்னொன்றையும் இங்கு சொல்லவேண்டும். அதே 1964ஆம் ஆண்டில், இலஞ்ச ஆணையாளருக்கும் இரணசிங்க என்பவருக்கும் இடையிலான வழக்கிலே, 29ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு இந்நாட்டு மக்கட் பிரிவினர் தம்முட் கொண்ட புனிதமான உடன்பாட்டைக் காட்டுவது என்றும், மாற்றவொண்ணாதது என்றும் பிரிவி கவுன்சில் கருத்துரைத்தது. நம் தலைவர்கள் அதனைக் கோட்டைச் சுவராக நம்பினர். ஆனால் அவ்வழக்கு இலஞ்ச விசாரணை மன்றின் அங்கத்தவர் நியமனம் பற்றியது. 29ஆம் பிரிவின் மாறாத்தன்மை அங்கே தீர்க்கப்பட்ட பொருள் அன்று. தீர்ப்பின் வழியிலே சொல்லப்பட்ட கருத்து. வழக்கைத் தீர்க்க இன்றியமையாத நியாயம் பிற்கால நீதிமன்றங்களைக் கட்டும். வழியிற் சொன்ன கருத்து மதிக்கப்படும், ஆனாற் கட்டாது. இந்த வேறுபாட்டை அறியாது, மணலிற் சுவர் எழுப்பி அதன் நிழலில் இருந்தோம். எட்டு ஆண்டுகளில் அது சரிந்தது.

நமக்குச் சாதகமான ஆணையும் ஆணையே

மற்றையோர் இட்ட ஆணையின் குற்றத்தைச் சொல்லுதல் எளிது. நமக்கு உவப்பான ஆணையை அதே அளவுகோலால் அளக்க நாம் ஆயத்தமா? நேர்மை அதனைக் கேட்கின்றது.

1987ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கைச்சாத்தான இந்திய - இலங்கை உடன்படிக்கையின்படி வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணைக்கப்பட வேண்டும். மாகாண சபைகள் சட்டமோ, ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டுப் போர்ச் செயல்கள் ஓய்ந்தன என்று சனாதிபதி திருப்தியுற்ற பின்னரே இணைக்கலாம் என்று நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனை நிறைவேறவில்லை. ஆகவே சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா அவசரகால ஒழுங்குவிதியால் அந்நிபந்தனையைத் தளர்த்தி, 1988ஆம் ஆண்டு செப்டெம்பரில் இணைப்புப் பிரகடனத்தை வெளியிட்டார். பதினெட்டு ஆண்டுகள் அது நின்றது. 2006ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள் உயர் நீதிமன்றம் அந்தப் பிரகடனம் அதிகாரமின்றிச் செய்யப்பட்டது என்றும் செல்லாது என்றும் தீர்த்தது. 2007ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் மாகாணங்கள் இரண்டாயின.

அத்தீர்ப்பு எமக்குக் கசந்தது, இன்றும் கசக்கின்றது. தமிழ் பேசும் மக்களின் தாயகக் கோட்பாட்டை ஒரு நாள் தீர்ப்பால் அழித்துவிட முடியாது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அத்தீர்ப்பு நின்ற அடிப்படையை நோக்குங்கள். சட்டம் தராத அதிகாரத்தாற் செய்யப்பட்ட ஆணை நில்லாது என்பதே அது. திறைசேரிச் சுற்றுநிருபத்திற்கு எதிராக நாம் எழுப்பிய கொள்கையும் அதுவே. நமக்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி என்று நாம் பேச இயலாது. பேசினால் நம் வாதத்தின் வேரை நாமே அறுத்தவர் ஆவோம்.

கசப்பிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. பிரகடனத்தாலும் ஒழுங்குவிதியாலும் நமக்குக் கிடைப்பவை இரவற் பொருள்கள். ஒரு பேனா தந்ததை இன்னொரு பேனா எடுத்துக்கொள்ளும். அரசியலமைப்பில் வேரூன்றாத உரிமை, வேலியில்லாக் கமம் போன்றது. விளைச்சல் கண்ணுக்குத் தெரியும், களஞ்சியத்திற்கு வாராது. அரசியற் பேச்சுக்களில் ஈடுபடுவோர் இதனை மறத்தல் ஆகாது.

எட்டாத தீர்ப்பு

மாகாணங்களைப் பிரித்த தீர்ப்பு மூன்று மாதத்திற்குள் நிறைவேறியது. எல்லாத் தீர்ப்பும் எல்லா ஆணையும் இவ்வளவு விரைவில் நிறைவேறுகின்றனவா?

2019ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில் பௌத்த பிக்கு ஒருவரின் உடலைத் தகனம் செய்வது பற்றிய பிணக்கு நீதிமன்றம் சென்றது. கோயிற் சூழலில் அன்றி வேறிடத்திற் செய்யுமாறு நீதிமன்றம் பணித்தது. அன்றே, பொலிசார் பார்த்திருக்க, கோயிற் கேணியின் அருகிலேயே தகனம் நடந்தது. கட்டளையைச் சுட்டிக்காட்டச் சென்ற சட்டத்தரணியே தாக்கப்பட்டார். 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில், குருந்தூர்மலை விவகாரத்திற் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு நீதிபதி, தம் உயிருக்கு அச்சுறுத்தல் உண்டெனக் கூறிப் பதவி துறந்து நாட்டை விட்டே வெளியேறினார்.

நீதிமன்றத்திடம் வாளும் இல்லை, திறைசேரியும் இல்லை. அதன் கட்டளைக்குக் கையும் காலும் ஆவது நிருவாகமே. நிருவாகம் ஒரு கட்டளைக்குக் காற்றாய்ப் பறந்தும், மற்றொரு கட்டளைக்குக் கல்லாய்க் கிடந்தும் இருக்குமாயின், அந்நாட்டிற் சட்டத்தின் ஆட்சி நடக்கின்றது என்று எவ்வாறு சொல்வது? தீர்ப்பின் பொருள் தீர்ப்பு எழுதிய தாளில் முடிவதில்லை. அது நிறைவேறும் இடத்திலேதான் முடிகின்றது.

மூன்று மாதத் தவணை

இனி நம் கமக்காரரை நேரே தொடும் பொருளுக்கு வருவோம். 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் வெளிவந்தது. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்திற்குள் கோரவேண்டும். கோராவிடின் அவை அரச காணியெனப் பிரகடனம் செய்யப்படலாம் என்பது அதன் பொருள்.

மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இஃது ஓர் அழைப்புப் போலத் தோன்றும். வாருங்கள், உரிமையைப் பதியுங்கள் என்பது போலத் தோன்றும். பொருளை ஆராய்ந்தால் நிலைமை வேறு. கால் நூற்றாண்டுக்கு மேலாக நீடித்த போரில் இடம்பெயர்ந்தோர் எத்தனை பேர்! உறுதிகளைச் சூட்கேசிற் சுமந்து ஊர் ஊராய் ஓடி, ஈற்றிற் சூட்கேசையும் இழந்தோர் எத்தனை பேர்! உரித்தாளர் கடல் கடந்து வாழ்கின்றனர். பலர் மாண்டு போயினர். அவர் பிள்ளைகளுக்குக் காணியின் பெயரே தெரியாது. போர்க்காலத்தில் எம்மக்கள் தம் காணி உரிமையைக் காக்க இயலாதிருந்தனர் என்பதைப் பாராளுமன்றமே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாட்டுச் சட்டத்தால் ஏற்றுக்கொண்டது. 1983ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் தொடக்கம் 2009ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் வரையான காலத்தைக் கருத்திற் கொண்டே அச்சட்டம் இயற்றப்பட்டது. இருபத்தாறு ஆண்டு இடரை ஒரு கையால் ஒப்புக்கொண்ட அரசு, மறு கையால் மூன்று மாதத் தவணை நீட்டுவது எவ்வகை நியாயம்?

தமிழரின் காணியை அன்றி எல்லாக் குடியானவரின் காணியையும் ஆண்டோர் இப்படிக் கவர்ந்த வரலாறு பழையது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடும், தரிசும், பயிர் செய்யாத நிலமும் மறுதலைக்குச் சான்று காட்டும்வரை முடிக்குரியவை என்று அனுமானித்தது. கண்டிச் சிங்களக் கமக்காரரின் சேனை நிலங்களும் மேய்ச்சல் நிலங்களும் தோட்டக்காரர் கைக்கு மாறியது அந்த ஒரு சொல்லின் பொருளால். தரிசு என்றால் யாது? ஆடு மாடு மேய்வதும், விறகு எடுப்பதும், மழை வந்தால் விதைப்பதும் பயன்பாடு அல்லவா? அந்தச் சொல்லின் பொருளை வெள்ளைக்கார அதிகாரி நிருணயித்தான். கமக்காரன் நிலத்தை இழந்தான். சொல்லின் பொருளைத் தீர்மானிப்பவனே நிலத்தின் உடைமையைத் தீர்மானிக்கின்றான்.

2025இல் நடந்ததோ நமக்கு ஊக்கம் தருவது. எதிர்ப்பு உடனே எழுந்தது. சட்டத்தரணி எம். ஏ. சுமந்திரன் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். மூன்று மாதத் தவணை முடியும் தறுவாயில், ஜூன் மாத இறுதியில், உயர் நீதிமன்றம் அறிவித்தலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அவ்வறிவித்தலைக் கைவிட்டது.

இங்கே கோடீஸ்வரன் வழக்கையும் இதனையும் ஒருங்கே வைத்து நோக்குக. அங்கே சம்பள ஏற்றம் முதலில் நின்றது. வழக்குப் பின்னர் நடந்தது. வினா விடுபடுமுன் ஆட்டத்தின் விதிகளே மாற்றப்பட்டன. இங்கே வாள் ஓங்கிய கை இறங்குமுன்னரே பிடிக்கப்பட்டது. வேறுபாடு நீதிபதிகளின் கற்றலில் இல்லை. வாதங்களின் வலிமையிலும் இல்லை. காலத்திலேதான் உள்ளது. கட்டளை வேலை செய்து முடிக்குமுன் அதன் பொருளைக் கேட்பதே பாதித் தீர்ப்பு.

ஆனால் இடைக்காலத் தடை என்பது வெற்றி அன்று. அது பயிருக்கு இட்ட வேலி. பயிரை நாமே வளர்க்கவேண்டும். 1931ஆம் ஆண்டுச் சட்டம் நூலில் அப்படியே இருக்கின்றது. நாளை வேறொரு வர்த்தமானி, வேறொரு வரைபடத்துடன் வரலாம். அன்றும் நம் உறுதிகள் தொலைந்தவையாகவே இருக்குமானால், அன்றைய தடையை எதன் மீது கேட்பது?

கட்டுண்ட நீதவான்

கமக்காரர் அறியவேண்டிய மற்றொரு சட்டம் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி ஆட்சி மீளப்பெறற் சட்டம். தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர், இது அரச காணி, நீர் அதிகாரமின்றி இருக்கின்றீர் என்று கருதி, வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கலாம். வெளியேறாவிடின் நீதவான் நீதிமன்றம் செல்லலாம். நீதிமன்றந்தானே, அங்கே என் உறுதியைக் காட்டுவேன், என் பாட்டன் வைத்த பனைகளைக் காட்டுவேன் என்று கமக்காரர் நினைப்பார். அச்சட்டமோ, அரசு அளித்த செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து மூலமான அதிகாரம் தவிர்ந்த எதனையும் காட்ட அவருக்கு இடந் தருவதில்லை. அதிகாரியிடம் சான்று கேட்கவும் நீதவானுக்கு உரித்தில்லை. வெளியேற்றற் கட்டளைக்கு மேன்முறையீடும் இல்லை.

அவ்வாறாயின் அக்கட்டளை காணி யாருடையது என்று தீர்த்துவிட்டதா? இல்லை! இதுவே நம்மவர் தவறவிடும் பொருள். நீதவானின் கட்டளை ஆட்சியைப் பற்றியது. உரித்தைப் பற்றியது அன்று. காணி தமதே என்று நிலைநாட்ட விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க அதே சட்டம் வழி விடுகின்றது. அறிவித்தல் அதிகாரமின்றி வழங்கப்பட்டதாயின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். நீதிமன்றம் சொல்லிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று ஆறு மாதத்தை அழுது கழிப்பவர், சட்டம் திறந்து வைத்த கதவைத் தாமே சாத்துகின்றார்.

நாம் செய்யவேண்டுவன

முதலாவதாக, தாள் கைக்கு வந்த அன்றே அதன் சங்கிலியைக் கேளுங்கள். எச்சட்டத்தின் எப்பிரிவின் கீழ், எவ்வதிகாரி, எந்நாளில் இட்டது? தாளில் அது இல்லையெனில் எழுத்து மூலம் வினவுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி வகுத்துள்ளது. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். தாள் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் தருமாறு கோருங்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகின்றது. நாம் கேளாத காரணத்தாலேயே அது ஏட்டில் உறங்குகின்றது.

இரண்டாவதாக, தவணையை எண்ணுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே தவணை. எழுத்தாணைக்குக் குறித்த நாள் இல்லை எனினும், தாமதித்தவரை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. பஞ்சாங்கம் பார்த்து விதைக்கும் கமக்காரர்க்குக் காலத்தின் அருமையை நாம் கற்பிக்கவேண்டியதில்லை. அந்த அறிவைக் கச்சேரிக் கடிதத்தின் மீதும் செலுத்தவேண்டும் என்றே கேட்கின்றோம்.

மூன்றாவதாக, படித்த நம் இளைஞர்க்கு ஒரு கடமை உண்டு. சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், நில அளவையாளர், இளைப்பாறிய எழுதுவினைஞர் இல்லாத ஊர் நம்மிடையே அரிது. ஊர் வாசிகசாலையில் மாதம் ஒரு நாள் அமர்ந்து, கமக்காரர் கொணரும் தாள்களை வாசித்துப் பொருள் சொல்லுங்கள். உறுதிகளின் பிரதிகளைக் காணிப் பதிவகத்திற் பெற்றுக்கொள்ள உதவுங்கள். கடல் கடந்த உரித்தாளரின் விலாசங்களைத் திரட்டி வையுங்கள். மேடையில் ஒரு மணி நேரம் முழங்குவதிலும், ஒரு விதவையின் காணித் தாளைக் கால் மணி நேரம் பொறுமையாக வாசித்தல் இனத்திற்குச் செய்யும் பெருந்தொண்டு.

நான்காவதாக, அரச அலுவலராய் உள்ள தமிழர்க்குச் சொல்வோம். மேலிடத்து உத்தரவு என்ற ஒரு சொல்லுக்குப் பின்னே ஒளியாதீர்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பர். அம்புக்குக் கண் இல்லை, உங்களுக்கு உண்டு. உத்தரவின் அதிகாரம் யாது என்று எழுத்தில் வினவும் கடமை பொதுமக்களுக்கு மட்டும் உரியதன்று. அதனை நிறைவேற்றும் கைக்கும் உரியது.

இத்தனையும் செய்தாலும் எல்லா வழக்கிலும் வெல்வோம் என்று நாம் கூறவில்லை. நீதிமன்றத்தாலேயே ஓர் இனத்தின் உரிமை முழுமையும் கிடைத்துவிடும் என்றும் நாம் நம்பவில்லை. கோடீஸ்வரனின் வினாவை விழுங்கிய வரலாறு நம் கண்முன் நிற்கின்றது. அரசியலமைப்பையே மாற்றி வினாவை அழிக்கும் பெரும்பான்மைக்கு முன் வழக்கு மட்டும் போதாது. அரசியற் போராட்டமும் வேண்டும். ஆனால் அப்போராட்டத்தின் பலன் கனியும் நாளில், நாம் நின்று அதனைப் பெற்றுக்கொள்ள நிலம் வேண்டும். அந்நிலத்தை இன்றைய தாள் ஒன்று, நாம் வாசியாத தாள் ஒன்று, கொண்டு போய்விடலாகாது.

கோவலனை வெட்டச் சென்ற காவலர் ஒருவர் அல்லர், பலர். அவருட் பலர் தயங்கினர். ஆனால் ஒருவரேனும் அரண்மனைக்குத் திரும்பிச் சென்று, மன்னா, நின் கட்டளையின் பொருள் யாது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மதுரை எரிந்திராது. தயக்கம் போதாது, கேள்வி வேண்டும். அதுவும் வாள் இறங்குமுன் வேண்டும்.